உருளும் தலைகளும் உருளாத நாற்காலியும்

கோழி ஒன்று பந்தாட்டக் களத்திலே இறங்கியது!

கதையல்ல தோழர்களே, கற்பனையுமல்ல. 2012-ஆம் ஆண்டு மே திங்கள் 7-ஆம் நாள், இங்கிலாந்து நாட்டிலே, பிளாக்பர்ன் என்னும் ஊரிலே, ஈவுட் பார்க் என்னும் மைதானத்திலே, கொட்டுகிற மழையிலே நடந்தது இது. பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின் கொடியைக் கோழியின் முதுகிலே போர்த்தி, ஆட்டம் நடக்கும்போதே களத்துக்குள் விட்டனர். விட்டவர்கள் எதிரிகளல்ல, அந்தக் கழகத்தைத் தம் குடும்பமாகவே கருதும் ரசிகர்கள். அன்று அவர்களுடைய கழகம் ஒரே ஒரு கோலிலே தோற்றது. 11 ஆண்டுகள் தொடர்ந்து வீற்றிருந்த முதல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு இறக்கப்பட்டது.

ஏன் கோழி? அந்தக் கழகத்தை 2010 நவம்பரிலே 2 கோடியே 30 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கியிருந்தது, கோழித் தொழிலிலே கொழித்த புனே நகரத்து வெங்கீஸ் நிறுவனம். ரசிகன் கையிலே வாக்குச் சீட்டு இல்லை. பங்குப் பத்திரம் இல்லை. முதலாளியின் முன்னே நின்று பேச மேடையும் இல்லை. கோழிதான் கிடைத்தது. கோழியை விட்டுப் பேசினான்.

என்ன பேசினான்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பந்தாட்டச் செய்திக்கு வேறு பக்கம் இருக்கிறதே, இந்தப் பத்தியிலே எதற்கு என்று கேட்கும் தோழர் சற்றே பொறுத்திருந்து படிக்கட்டும். இது பந்தைப் பற்றிய பேச்சல்ல. பதவியைப் பற்றியது, பழியைப் பற்றியது. முடிவு செய்பவன் ஒருவன், முதுகிலே அடி வாங்குபவன் மற்றொருவன் என்ற பழைய கொடுமையைப் பற்றியது.

பிளாக்பர்ன் அரண்மனை ஊரல்ல, ஆலை ஊர். லங்காஷயர் வட்டாரத்து நெசவு ஊர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பு அந்த ஊர்த் தறிகள் நெய்து கப்பலேற்றிய துணியிலே பெரும் பங்கு, இந்தியத் துணைக் கண்டத்து மக்கள் இடுப்பிலே கட்டிய வேட்டி! இங்கே கைத்தறி ஓய, அங்கே விசைத்தறி ஓடியது. பிறகு காலம் மாறியது. அந்தத் தறியும் ஓய்ந்தது. ஓடியபோது இலாபம் ஆலை முதலாளிக்கு, இருமல் ஆலைத் தொழிலாளிக்கு. ஓய்ந்தபோது முதலாளி வேறு தொழில் தேடிப் போனான். தொழிலாளி வேலை தேடித் தெருவுக்குப் போனான்.

அந்தத் தொழிலாளிக்கு, வாரமெல்லாம் பஞ்சுத் தூசியிலே வெந்து கிடந்தவனுக்கு, சனிக்கிழமைப் பிற்பகல் ஆலைச் சங்கு ஊதியதும் கிடைத்த ஒரே விடுதலை பந்தாட்டம். 1883-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள், இலண்டன் ஓவல் மைதானத்திலே எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஓல்ட் ஈட்டோனியன்ஸ். ஈட்டன் பள்ளியிலே படித்த சீமான் வீட்டுப் பிள்ளைகள். மறு பக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக். நெசவாளிகள், நூற்பாலைத் தொழிலாளர், குழாய் வேலைக்காரர், இரும்புப் பட்டறைத் தொழிலாளி. வென்றது யார்? 2–1 என்ற கணக்கிலே தொழிலாளி வென்றான்! அதுவரை சீமான்களும் படை அதிகாரிகளும் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டிருந்த கோப்பை, முதன்முறையாக வடக்கு நோக்கி ரயிலேறி, புகைபோக்கிகள் நிறைந்த ஆலை ஊருக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஒலிம்பிக் கழகம் பின்னர் பொருளின்றி மறைந்தது. அதே ஊரிலே 1875-இல் தோன்றிய ரோவர்ஸ் கழகம் நிலைத்தது. 1888-இலே இங்கிலாந்தின் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கழகங்களிலே அதுவும் ஒன்று; 1992-இலே பிரீமியர் லீக்கைத் தொடங்கிய கழகங்களிலும் ஒன்று. இரண்டு தொடக்கத்திலும் இருந்த கழகங்கள் மூன்றே மூன்று. அந்தப் பெருமை உடைய கழகம் 1995-இலே, 81 ஆண்டுகளுக்குப் பிறகு, மீண்டும் லீக் பட்டம் வென்றது.

அப்போது பொருள் தந்தவர் ஜாக் வாக்கர். பிளாக்பர்ன் ஊரிலேயே பிறந்து, தந்தையின் தகட்டுப் பட்டறையிலே தொடங்கி, எஃகு வணிகத்திலே பெருஞ்செல்வரானவர். அவரும் முதலாளிதான், மறுக்கவில்லை. பின்னாளிலே அவரும் மானேஜர்களை நீக்கியவர்தான், மறைக்கவில்லை. ஆனால் 1991-இலே, கழகம் இரண்டாம் வரிசையிலே இருந்தபோது, கென்னி டால்கிலிஷ் என்பவரை மானேஜராக அமர்த்தியவர், பணத்தை மட்டும் கொடுக்கவில்லை, காலத்தையும் கொடுத்தார். நான்காம் ஆண்டிலே பட்டம் வந்தது.

இந்த இடத்திலே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். மானேஜர் என்றதும் நம் ஆலைத் தோழருக்குக் கண் சிவக்கும். நம் ஆலையிலே மானேஜர் என்றால் சீட்டுக் கிழிப்பவர். அங்கே பந்தாட்டக் கழகத்திலே மானேஜர் என்றால் சீட்டுக் கிழிக்கப்படுபவர்! ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, யார் எங்கே நிற்பது, எப்படித் தாக்குவது, எப்படித் தடுப்பது என்று வகுத்துத் தருபவர் அவர். ஊதியம் பெரிது, பெயரும் பெரிது. ஆனாலும் கூலிக்காரர்தான். கழகம் அவருடையதல்ல. எந்த ஆட்டக்காரரை எவ்வளவு விலைக்கு வாங்குவது, யாரை விற்பது, கடன் வாங்குவதா, கட்டணத்தை உயர்த்துவதா என்ற முடிவுகளெல்லாம் அவருக்கு மேலே இருக்கும் நாற்காலியிலே பிறக்கின்றன.

அந்த நாற்காலியிலே 2010 நவம்பரில் வந்து அமர்ந்தவர்கள், ஒரு மாதம் நிறையுமுன்பே, டிசம்பர் 13-ஆம் நாள், சாம் அல்லர்டைஸ் என்ற மானேஜரை நீக்கினர். அப்போது கழகம் எந்த இடத்திலே இருந்தது? 20 கழகங்களிலே 13-ஆவது இடத்திலே. கோபுரத்து உச்சியுமல்ல, குப்பைக் குழியுமல்ல. பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன் என்பவரைத் தூக்கி அந்த இடத்திலே வைத்தனர். ஊரார் "வேண்டாம், வேண்டாம்" என்று ஆர்ப்பாட்டம் செய்தனர், கேட்கவில்லை. வைத்திருக்க வேண்டியவரை விரட்டினர். மாற்றச் சொல்லி ஊரே கேட்டவரை வைத்துக்கொண்டனர். இடையிலே, ஆட்டக்காரர்களை வரிசையாக உட்காரவைத்துக் கோழிக்கறி தின்னச் செய்து விளம்பரப் படம் எடுக்கவும் மறக்கவில்லை!

2012-இலே கழகம் கீழே இறங்கியது. செப்டம்பரிலே கீன் விலகினார். அக்டோபர் கடைசியிலே ஹென்னிங் பெர்க் வந்தார்; 1995-இல் பட்டம் வென்ற அணியிலே ஆடிய வீரர் அவர். எத்தனை நாள் விட்டுவைத்தனர்? 57 நாள்! அடுத்து மைக்கேல் ஆப்பிள்டன் வந்தார். அவருக்கு 67 நாள்! விதைத்தவன் களை பறிக்கவும் இடந்தராமல், அறுவடை எங்கே, அறுவடை எங்கே என்று கேட்டால் நிலம் என்ன செய்யும்? அந்த ஒரே பருவத்திலே, இடைக்காலப் பொறுப்பாளர்களையும் சேர்த்து, கழகத்தை நடத்தியவர்கள் ஐந்து பேர். ஆட்டக்காரன் ஒருவர் சொன்னதைக் கற்றுக்கொள்ளுமுன் அடுத்தவர் வந்து அதை மறக்கச் சொல்லுகிறார்.

நீக்கப்பட்ட பெர்க் வழக்கு மன்றம் போனார். ஒப்பந்தத்திலே மீதமிருந்த காலத்துக்கு ஊதியம் கேட்டார். 2013-இலே தீர்ப்பு வந்தது: 22 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் கொடு! 57 நாள் வேலைக்குப் பிறகு, வேலை செய்யாத நாளுக்கெல்லாம் கூலி. முதலாளியின் அவசரத்துக்குக் கழகத்தின் கருவூலம் கப்பம் கட்டிற்று.

தலைகள் மாறின, தலைகள் மாறின... கழகம் மட்டும் ஏறவில்லை. 2017-இலே மூன்றாம் வரிசைக்கு விழுந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற கழகங்களிலே அந்த அளவுக்கு விழுந்த முதல் கழகம் பிளாக்பர்ன்தான்!

இனிதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த வீழ்ச்சியின்போது மானேஜராக இருந்தவர் டோனி மோபிரே. வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மூழ்கும் கப்பலிலே ஏறியவர். அவரை நீக்கவில்லை. விழுந்தவரையே எழுப்பச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே, 2018-இலே, அவர் கழகத்தை இரண்டாம் வரிசைக்கு ஏற்றினார். 2022 வரையில் அவரே இருந்தார். அதே ஊர், அதே மைதானம், அதே முதலாளிகள். மாறியது ஒன்றே ஒன்று: பொறுத்திருந்தார்கள். பொறுத்தார் பூமியாள்வார் என்று நம் பாட்டி சொன்னாளே, அது பந்தாட்டத்துக்கும் பொருந்துகிறது.

வெங்கீஸ் நிறுவனத்தார் பணமே போடாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நட்டம் வந்தபோது கோடிகளைக் கொட்டினார்கள். ஆனால் பணத்தைக் கொட்டினேன், ஆகவே எவரையும் கேட்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் நோய். வெள்ளை முதலாளி வேட்டி விற்றபோதும் இதே எண்ணந்தான். பழுப்பு முதலாளி பந்தாட்டக் கழகம் வாங்கியபோதும் இதே எண்ணந்தான். முதலாளித்துவத்துக்குத் தோலின் நிறம் ஏது?

இந்த நோய் ஓர் ஊரோடு நிற்கவில்லை. லெஸ்டர் என்ற சிறிய கழகம் 2016-இலே, 5,000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் எள்ளி நகையாடிய கழகம், லீக் பட்டத்தையே வென்றது. வென்று தந்த கிளாடியோ ரனியேரி பத்து மாதம் நிறையுமுன் நீக்கப்பட்டார். டாட்டனாம் கழகம் 17 ஆண்டுகளாக ஒரு கோப்பையும் காணாதது. 2025 மே 21-ஆம் நாள் ஏஞ்ச் போஸ்டெகோக்ளு ஐரோப்பாக் கோப்பை ஒன்றை வென்று கொடுத்தார். 16 நாள்... பதினாறே நாள் கழித்து, வீட்டுக்குப் போ என்றனர்! தோற்றவனுக்குத்தான் தண்டனை என்று எண்ணியிருந்தோம். வென்றவனுக்கும் அதே பரிசு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை மூடி மறைப்பது நம் பழக்கமல்ல. "செல்சி கழகத்தைப் பார். ரஷ்யச் செல்வர் ரோமன் அப்ரமோவிச் 2003-இலே வாங்கினார். மானேஜர்களைச் சட்டை மாற்றுவதுபோல மாற்றினார். ஆனாலும் ஐந்து முறை லீக் பட்டம், இரண்டு முறை ஐரோப்பாவின் தலைசிறந்த கோப்பை! நீக்கியதால்தானே வெற்றி?" என்பர்.

நீக்கியதாலா வெற்றி? இல்லை, தோழர்களே, நிதியால் வெற்றி! 2022-இலே, ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்த பிறகு, அவர் கழகத்தை விட்டுப் போக நேர்ந்தபோது, கழகம் அவருக்குத் தரவேண்டியிருந்த கடன் சுமார் 150 கோடி பவுன். 150 கோடி பவுன் கொட்டியவன் எதைச் செய்தாலும் சில கோப்பைகள் வரும். மழை பெய்தது, பயிர் விளைந்தது, "என் சேவல் கூவியதால்தான் விளைந்தது" என்றானாம் ஒருவன்! அவர் நீக்கியவர்களிலே ஒருவர் கார்லோ ஆன்செலோட்டி. 2010-இலே இரட்டைக் கோப்பை வென்று தந்தவர். 2011-இலே பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்து சில மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டார். உதவாதவர் என்று உதறப்பட்ட அவர், ரியல் மாட்ரிட் கழகத்துக்கு 2014, 2022, 2024 என்று மூன்று முறை அதே ஐரோப்பாக் கோப்பையை வென்று கொடுத்தார்.

ஆராய்ச்சி வேண்டுமா? ஹாலந்து நாட்டிலே பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார அறிஞர், 1986 முதல் 2004 வரையில் அந்நாட்டு முதல் வரிசைக் கழகங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார். தொடர்ந்து தோற்றபோது மானேஜரை நீக்கிய கழகங்கள் ஒரு பக்கம். அதே அளவு தோற்றும் நீக்காமல் இருந்த கழகங்கள் மறு பக்கம். முடிவு? இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி மீண்டும் எழுந்தன. காய்ச்சல் தானே இறங்குகிற நாளிலே மந்திரவாதி வேப்பிலை அடிக்கிறான். இறங்கியதும் காணிக்கை கேட்கிறான். பகுத்தறிவு பேசும் நாம் அந்தப் பித்தலாட்டத்தை நம்பலாமா?

எதிர்ப்பக்கத்துச் சான்றும் இருக்கிறது. பிளாக்பர்னுக்குப் பக்கத்திலேயே மான்செஸ்டர். அங்கே 1986 நவம்பரிலே மானேஜராக வந்தார் அலெக்ஸ் பெர்குசன். கிளாஸ்கோ நகரத்துக் கப்பல் கட்டும் பகுதியிலே, கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தாமும் கருவிப் பட்டறையிலே வேலை பழகியவர். தொழிற்சங்கப் பிரதிநிதியாக நின்று, பயிற்சித் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர். மூன்று ஆண்டுகள் ஒரு கோப்பையும் வரவில்லை. 1989-இலே ரசிகர்களே போ என்று பதாகை பிடித்தனர். நீக்கவில்லை. 1990-இலே முதற்கோப்பை. 1993-இலே லீக் பட்டம். 2013-இலே ஓய்வு பெற்றபோது லீக் பட்டங்கள் மட்டும் 13! அவருக்கு முன்னே பெரும்புகழ் பெற்ற மாட் பஸ்பி, ஜாக் ஸ்டீன், பில் ஷாங்க்லி மூவரும் ஸ்காட்லாந்து நாட்டிலே நிலக்கரிச் சுரங்கத்திலே வேலை செய்தவர்கள். சுரங்கத்திலே ஒருவன் தவறினால் எல்லோருக்கும் ஆபத்து என்று கற்றவர்கள், அணி என்றால் என்ன என்று கழகத்துக்குக் கற்பித்தார்கள்.

அந்த மான்செஸ்டர் யுனைடெட் பின்னர் என்ன ஆனது? 2005-இலே கிளேசர் குடும்பத்தார் கடன் வாங்கிக் கழகத்தை வாங்கினர். வாங்கிய கடனைக் கழகத்தின் தலையிலேயே கட்டினர். பெர்குசன் இருந்தவரை வெற்றிகள் அந்தக் கடனை மறைத்தன. அவர் போனதும் தலைகள் உருளத் தொடங்கின. 2014-இலே மோயஸ், பத்து மாதத்திலே. 2016-இலே வான் ஹால், எஃப்.ஏ. கோப்பை வென்ற இரண்டாம் நாள். 2018-இலே மொரீனியோ. 2021-இலே சோல்ஷியர். 2024-இலே டென் ஹாக். சூலையிலே ஒப்பந்தத்தை நீட்டினர், அக்டோபரிலே கிழித்தனர். அடுத்து வந்த அமொரிமையும் 2026 சனவரியிலே அனுப்பினர். ஆறு தலைகள்! கிளேசர் நாற்காலி அசைந்ததா? அசையவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. டென் ஹாக்கையும் அவர் குழுவையும் அனுப்ப ஆன செலவு 1 கோடியே 4 இலட்சம் பவுன். 2024-இலே, ஜிம் ராட்கிளிஃப் என்ற பெருஞ்செல்வர் கழகத்திலே பங்கு வாங்கிப் பொறுப்பேற்ற அதே ஆண்டிலே, "செலவைக் குறைக்கிறோம்" என்று சொல்லிச் சுமார் 250 ஊழியர்களின் வேலை பறிக்கப்பட்டது. 2025-இலே மேலும் 200 பேர் வரை என்றனர். ஊழியர்களுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பகல் உணவையும் நிறுத்தினர். ஓல்ட் டிராஃபர்டு மைதானத்து ஊழியருக்கு உணவுக்குப் பதில் பழம்! நீக்கப்பட்ட மானேஜர் கோடியோடு போனார். அந்த நீக்கத்தை முடிவு செய்தவர்கள் கோடியோடு இருந்தார்கள். கணக்கு எழுதியவரும், சீட்டுக் கொடுத்தவரும், சமையற்கட்டிலே நின்றவரும் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். தோல்வியை உருவாக்கியவன் எவனோ, தோல்விக்கு விலை கொடுத்தவன் எவனோ!

ஆகவே தோழர்களே, மானேஜருக்காக மட்டும் நாம் கண்ணீர் வடிக்கவில்லை. எந்த மானேஜரையும் என்றைக்கும் நீக்கக்கூடாது என்பதும் நம் வாதமல்ல. திறமையற்றவரை மாற்றத்தான் வேண்டும். நம் கேள்வி வேறு. மானேஜரைத் தேர்ந்தெடுத்தவன் யார்? அவன் தேர்வு தவறென்றால், தேர்ந்தெடுத்தவனுக்குத் தண்டனை எங்கே? ஆறு முறை தவறாகத் தேர்ந்தெடுத்தவனுக்கு ஏழாம் முறையும் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு தலை உருளும்போதும் ரசிகனுக்கு ஒரு புது நம்பிக்கை. அந்த நம்பிக்கை வாடும்வரை முதலாளிக்கு ஒரு பாதுகாப்பு. மானேஜரை நீக்குவது கழகத்தைக் காப்பாற்ற அல்ல, நாற்காலியைக் காப்பாற்ற!

மாற்று உண்டா? உண்டு. ஜெர்மன் நாட்டிலே ஒரு விதி: கழகத்திலே வாக்குரிமையின் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். ஓரிரு விலக்குகள் உண்டு; விதி அதுதான். அங்கே மானேஜரை நீக்குவதே இல்லையா? நீக்குகிறார்கள். பேயர்ன் மியூனிக் கழகம் 2023 மார்ச்சிலே, பட்டியலில் இரண்டாம் இடத்திலே இருந்தபோதே நாகல்ஸ்மனை நீக்கியது. ஆனால் நீக்கியவர்கள் உறுப்பினர் கூட்டத்திலே எழுந்து நின்று காரணம் சொல்லியாக வேண்டும். வேறுபாடு அதுதான். இங்கிலாந்திலும் விழிப்பு வந்திருக்கிறது. 2021 ஏப்ரலிலே பெருங்கழகங்கள் சில தமக்கென்று தனி லீக் அமைக்கப் புறப்பட்டபோது, ரசிகர்கள் தெருவிலே திரண்டனர். இரண்டே நாளிலே ஆறு ஆங்கிலக் கழகங்களும் பின்வாங்கின. 2025 சூலையிலே அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் செய்து, கழக முதலாளியின் தகுதியை ஆராய ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தியது. மானேஜரை நீக்குவதை அந்தச் சட்டம் தடுக்காது. ஆனால் முதலாளியையும் கேள்வி கேட்கலாம் என்ற கதவு திறந்திருக்கிறது. போதாதுதான், ஆனாலும் தொடக்கம்.

கழகம் என்ற சொல்லின் பொருள் நமக்குத் தெரியும். நாலணா ஐந்தணா திரட்டிக் கொடி கட்டியவனும், கூட்டத்துக்கு விளக்கு ஏந்தியவனும், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியவனும் சேர்ந்தது கழகம். விலைக்கு வாங்கியவன் கட்டடத்தை வாங்கலாம், ஆட்டக்காரரை வாங்கலாம், கோப்பையைக்கூட வாங்கலாம். 1883-இலே அந்த நெசவாளிகள் ரயிலேற்றிக் கொண்டுவந்த பெருமையை வாங்க முடியாது.

எங்கேயாவது தோல்வி வந்தால், ஆலையானாலும் சரி, அலுவலகமானாலும் சரி, அமைப்பானாலும் சரி, உடனே ஒரு தலையை உருட்டி நம் முன்னே போடுவார்கள். உருளுகிற தலையைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீடு திரும்பிவிடாதீர்கள், தோழர்களே. நிமிர்ந்து பாருங்கள். உருட்டியவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பாருங்கள். பிளாக்பர்ன் ஊர்த் தொழிலாளி, மழையிலே நனைந்துகொண்டே, ஒரு கோழியை விட்டு உலகத்துக்குச் சுட்டிக் காட்டியது அந்த நாற்காலியைத்தான்!